ஐந்தே முக்கால் கிலோமீட்டர்: ஒரு ஆறு சிலிண்டர் எஸ்.யூ.வி.யும் என் ஏழு மாதமும்

2024 ஜூலையில் நான் ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கினேன். 2019 மாடல், மூன்று லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு சிலிண்டர், 340 குதிரைத் திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், எடை இரண்டு டன்னுக்கு மேல். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதைப் படித்துவிட்டு அந்த ஒரு வண்டியை மட்டும் ஒதுக்கிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை வாங்கினால் உங்களுக்கும் இதேதான் நடக்கும். வாங்கிய பிறகு ஏழு மாதம் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அல்லாடினேன். பட்டறைகளில் மட்டும் 1,33,000 ரூபாய் போனது. பெட்ரோல் தனிக் கணக்கு. எனக்கு முன்பே இந்த மாதிரி வண்டி வைத்திருந்தவர் யாராவது ஒருவர் அரை மணி நேரம் பேசியிருந்தால் அந்தப் பணமும் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், கடை புதுச்சேரி முதலியார்பேட்டையில், டைல்ஸும் சானிட்டரி சாமானும். ஒரு வழிக்கு 22 கிலோமீட்டர். பதினோரு வருடம் ஒரு சின்ன டீசல் காரில்தான் போய் வந்தேன், லிட்டருக்கு 19, 20 கொடுத்தது, பெட்ரோல் டீசல் பற்றி நான் யோசித்ததே கிடையாது. ஆறு சிலிண்டர் வண்டி மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த எஞ்சின் சத்தமும், காலை லேசாக வைத்தாலே முதுகை சீட்டோடு சேர்த்துத் தள்ளுவதும், இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். விற்றவர் ‘சிட்டியில எட்டு, ஹைவேஸ்ல பன்னெண்டு கன்ஃபார்ம் சார்’ என்றார். சான்றளிக்கப்பட்ட மைலேஜும் பத்துக்கு மேல் இருந்தது. நான் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பத்து என்று வைத்துக்கொண்டேன். மாதம் 1,300 கிலோமீட்டர் ஓடும், 130 லிட்டர், உயர் ஆக்டேன் பெட்ரோல் (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடித்துவிடாத வகை) லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 13,000. தாங்கும் என்று முடிவு செய்து கடன் போட்டேன்.

முதல் முழு டேங்க் முள்ளோடை தாண்டி நிரப்பினேன். கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அங்கே புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். பன்னிரண்டு நாளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுபடி அதே பங்கில் நிரப்பினேன், 80.2 லிட்டர் பிடித்தது. ஓடியிருந்தது 465 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 5.8. செல்போனில் மூன்று முறை தட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டு 6.4 என்று காட்டியது, அது பல வண்டிகளில் இப்படித்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அதை நம்பிக் கணக்கு போடாதீர்கள். மாதம் 224 லிட்டர், 22,400 ரூபாய். நான் நினைத்ததைவிட மாதாமாதம் 9,400 அதிகம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான், ஏமாற்றப்பட்டுவிட்டேன், வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது, மறைத்து விற்றுவிட்டார்கள். இந்த எண்ணம் வந்துவிட்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முதலில் பங்க் மேல் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு பங்கிலும் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார்கள், கோட்டில் நின்றது. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், காசு ஆகாது, ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி தீர்ந்துவிடும்.

நான் அதோடு நிற்கவில்லை. ஒரு பட்டறையில் எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள், 18,000. வித்தியாசம் இல்லை. இன்னொரு இடத்தில் எரிந்த புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் தவறாகப் படிக்கலாம் என்றார்கள். கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை, இருந்தும் இரண்டு சென்சாரை மாற்றினேன், 38,000. மூன்றாவது இடத்தில் ஆறு ஸ்பார்க் பிளக், ஆறு காயில், 42,000. கடைசியாக ஒருவர் எஞ்சின் கம்ப்யூட்டரில் ‘எகானமி மேப்’, அதாவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் புரோகிராம், ஏற்றித் தருகிறேன், இரண்டு கிலோமீட்டர் கூடும் என்றார், 35,000 கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த டேங்க் வரை நெஞ்சு படபடக்கும், நிரப்பிவிட்டு வகுத்துப் பார்ப்பேன், 5.7, 5.9, 5.8. பில்லைக் கடை டிராயரில் அடியில் போட்டு வைத்தேன். மனைவி ஒருநாள் ‘ஏங்க, பெட்ரோலுக்கு மட்டும் இவ்வளவா எடுக்கிறீங்க?’ என்று கேட்டபோது கடைச் செலவும் அதில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இந்த ஏழு மாதத்தில் எனக்கு மிகவும் வலித்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பிழைக் குறியீடு இல்லை, புகை இல்லை, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், அதிரவில்லை, பலம் குறையவில்லை, மைலேஜ் மட்டும் குறைவு என்றால் பாகங்களை மாற்ற ஆரம்பிக்காதீர்கள். முதலில் வேறு ஒரு சாலையில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அது தற்செயலாகத்தான் நடந்தது.

2025 பிப்ரவரியில் என் தம்பியை திருச்சி விமான நிலையத்தில் விடவேண்டியிருந்தது. விடியற்காலை கிளம்பி பண்ருட்டி வழியாக உளுந்தூர்பேட்டை போய் அங்கே டேங்கை நிரப்பினேன். தம்பிக்கு வேகம் என்றால் பயம், அதனால் நால்வழிச் சாலையில் 80, 85-ஐத் தாண்டவில்லை. அவனை விட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்பி, அதே பங்கில் நிரப்பினேன். 254 கிலோமீட்டருக்கு 22.3 லிட்டர். 11.4! பங்க்கிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் கோபம், ஏனென்றால் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை என்று அப்போது புரிந்துவிட்டது.

அந்த வாரம் என் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முப்பது வருடம் நெய்வேலிக்கும் சிப்காட்டுக்கும் லாரி ஓட்டியவர். ‘வண்டி எவ்வளவு கொடுக்குதுன்னு எந்த லாரிக்காரனும் கேக்க மாட்டான்டா, எந்த லோடுக்கு எந்த ரூட்டுல எவ்வளவுன்னு கேப்பான், அதுக்குத்தான் டீசல் நோட்டு’ என்றார். மறுநாள் கடையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வண்டியில் போட்டேன். தேதி, கிளம்பிய நேரம், வழி, கிலோமீட்டர், லிட்டர், எவ்வளவு நேரம் நின்றேன், ஏ.சி. உண்டா இல்லையா. ஒரு வழிக்கான கணக்கு வேண்டுமென்றால் ஒரு டேங்க் முழுக்க அந்த வழியிலேயே ஓட்டி, நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறையும் அதே பங்கில் அதே பம்பில் நிரப்ப வேண்டும். ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவு செய்யக்கூடாது, மூன்று முறை நிரப்பி மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால்தான் நிஜம் தெரியும்.

மூன்று மாதத்தில் நோட்டு சொன்னது இது. காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பிக் கடைக்குப் போனால் 5.4. அதே வழியில் ஆறு மணிக்குக் கிளம்பினால் 8.6. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று மூன்று, நான்கு கிலோமீட்டர் சுற்றினால் 4.1. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போய்வந்தால் 9. உளுந்தூர்பேட்டை, திருச்சி சாலையில் 80-ல் போனால் 11.4, 100-க்கு மேல் வைத்துப் பிடித்தால் 9.1. ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். 4.1-க்கும் 11.4-க்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஏன் இப்படி என்று அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். நம் ஊரில் சான்றிதழுக்கான சோதனை சாலையில் நடப்பதில்லை. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, இந்திய ஓட்டச் சுழற்சி என்று வகுத்து வைத்திருக்கும் ஒரு அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1,180 விநாடி, இருபது நிமிடம்கூட இல்லை. உச்ச வேகம் 90, ஏ.சி. அணைத்திருக்கும், வேகம் ஏறுவதெல்லாம் மிக மென்மையாக இருக்கும். அந்த எண் பொய் கிடையாது, ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். ஆனால் புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் மே மாதம் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் என் வண்டி அதில் எங்கேயும் இல்லை. 340 குதிரைத் திறன் எஞ்சினும் அந்தச் சோதனையில் தன் பலத்தில் ஒரு சின்னப் பங்கைத்தான் பயன்படுத்தும். இந்த மாதிரி வண்டியில் மிச்சப் பலத்தைக் கேட்கும்போது என்ன ஆகிறது என்று கணக்கு போட்டுப் பார்த்தேன். 340 குதிரைத் திறன் என்பது 250 கிலோவாட். பெட்ரோலின் ஆற்றலில் முப்பது சதவீதம் சக்கரத்துக்குப் போகிறது என்று தாராளமாக வைத்தாலும், முழுப் பலத்தில் ஒரு நிமிடம் ஓடினால் ஒன்றரை லிட்டர். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை எஞ்சின் கொட்டியாக வேண்டும், சூடு ஏறினால் குளிர்விக்க இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொட்டும். கடைக்குப் போகும் வழியில் தவளக்குப்பம் தாண்டிச் சாலை கொஞ்சம் திறந்தால் நான் தினமும் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை அழுத்துவேன். பத்து விநாடிதான். ஒவ்வொரு முறையும் கால் லிட்டர் பக்கம் போயிருக்கிறது.

எடைதான் அதைவிடப் பெரிய விஷயம். இரண்டு டன்னை நின்ற இடத்திலிருந்து 60 வேகத்துக்குக் கொண்டுபோக எஞ்சின் இழப்பையும் சேர்த்து சுமார் 35 மில்லி பெட்ரோல் தேவை. பிரேக்கை மிதித்தால் அந்த வேகம் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகிப் போய்விடும். என் பழைய காருக்கு இதில் பாதிதான். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று எத்தனை முறை வேகம் ஏறி இறங்குகிறது என்று ஒருநாள் எண்ணினேன், சின்னதும் பெரியதுமாக 41 முறை. அப்புறம் நிற்கும் நேரம். ஏ.சி.யோடு ஐட்லிங்கில் என் வண்டி மணிக்கு 1.6 லிட்டர் குடிக்கிறது. ஒரு வழிக்குச் சராசரி 17 நிமிடம் முழுதாக நிற்கிறேன், அதுவே 450 மில்லி. சிக்னலில் தானாக எஞ்சினை அணைக்கும் வசதி இருக்கிறதே என்று நினைத்திருந்தேன், நம் வெயிலில் ஏ.சி.க்கு எஞ்சின் தேவைப்படுவதால் அது பெரும்பாலும் அணைவதே இல்லை. சாயங்காலம் மகளுக்காகப் பள்ளி வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு இருபது நிமிடம் காத்திருப்பது அரை லிட்டர். ஆடி ஐந்தாம் வெள்ளி, வீராம்பட்டினம் தேர் அன்று அரியாங்குப்பத்தில் மாட்டிக்கொண்டேன், அன்றைக்கு டாஷ்போர்டே 3.6 காட்டியது.

சின்னத் தூரம் ஓட்டுவது ஏன் இவ்வளவு மோசம் என்றால், குளிர்ந்த எஞ்சினுக்கு முதல் சில கிலோமீட்டர் பெட்ரோல் கூடுதலாகத் தேவை, கியர்பாக்ஸ் ஆயிலும் எஞ்சின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். பெரிய எஞ்சினில் ஆயிலும் இரும்பும் அதிகம், சூடாக நேரம் பிடிக்கும். மூன்று கிலோமீட்டரில் கடைத்தெரு வந்துவிடும், எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிடுகிறோம். இப்போது பங்க்குகளில் வரும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கென்று அமைக்காத கார்களில் ஆறு, ஏழு சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 2019 மாடல் வாங்குகிறவர் அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆக்டேன் 95 பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்று பங்கில் சொல்வார்கள், என் நோட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் கம்பெனி 95 என்று எழுதியிருப்பதால் அதையே போடுகிறேன், அது எஞ்சினின் ஆயுளுக்கு.

திருத்த முடிந்ததும் சில இருந்தன. டயரில் காற்று 30 இருந்தது, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 36 என்று போட்டிருந்தது. ஏழு மாதமாக அந்தத் தாளை நான் பார்க்கவே இல்லை. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரி பார்க்க வேண்டும், ஓட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காகப் பெரிய ரிம்மும் அகல டயரும் போட்டிருந்தார், அது தனி இழப்பு. அதோடு டயரின் விட்டம் மாறினால் கிலோமீட்டர் மீட்டரும் தப்பாக எண்ணும், ஆகவே பழைய வண்டி வாங்கும்போது கதவுத் தாளில் இருக்கும் டயர் அளவும் ஓடுகிற டயர் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்போர்ட் மோடை விட்டேன், அதில் கியர் சீக்கிரம் ஏறாது. காலை ஆறரைக்கே கிளம்பிக் கடையைத் திறந்து ஸ்டாக் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 5.8-லிருந்து 7-க்கு வந்தது. 1.2 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 224 லிட்டர் 186 லிட்டர் ஆனது, மாதம் 3,800 ரூபாய். இங்கே எல்லோரும் ஏமாறும் ஒரு இடம் இருக்கிறது. 15 கொடுக்கும் கார் 20 கொடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர்தான் மிச்சம், 6 கொடுக்கும் வண்டி 8 கொடுத்தால் 4.2 லிட்டர் மிச்சம். அதனால் இந்த மாதிரி வண்டியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள், பணம் எங்கே போகிறதென்று அப்போதுதான் கண்ணில் படும். வாங்கும் முன் கணக்கு போடுகிறவர்கள் சான்றிதழ் எண்ணில் பாதியை நகருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது தாங்கினால் மட்டும் மேலே போங்கள்.

நோட்டு பாதி நிரம்பியதும் அதையும் டிராயரில் இருந்த பில்களையும் மனைவி முன் வைத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதுல நாப்பத்திரண்டாயிரம் பில்லு போட்ட அன்னைக்குத்தானே காய்ச்சல்னு சாப்பிடாம படுத்தீங்க’ என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இருவரும் பேசி, கடைக்குப் போகவும் ஊருக்குள் சுற்றவும் 3,10,000 ரூபாயில் ஒரு பழைய சின்ன கார் வாங்கினோம். எஸ்.யூ.வி. இப்போது மாதத்தில் மூன்று முறை வெளியூருக்கு மட்டும் போகிறது, அங்கே அது 9-க்குக் கீழே இறங்குவதில்லை, ஓட்ட எனக்கு முன்னைவிடப் பிடித்திருக்கிறது.

போன மாதம் என் மச்சானின் நண்பர் ஒருவர் பண்ருட்டியிலிருந்து வந்தார். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம், இதே மாதிரி வண்டி ஒன்று சென்னையில் விலைக்கு வந்திருக்கிறது, எவ்வளவு கொடுக்கும் அண்ணே என்று கேட்டார். நான் எண் எதுவும் சொல்லவில்லை. டேங்கை நிரப்பிச் சாவியைக் கொடுத்து, மூன்று நாள் வீட்டிலிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து வங்கிக்கு, வழக்கமாக நீங்கள் எப்படிப் போவீர்களோ அதே நேரத்தில் ஏ.சி.யோடு ஓட்டிவிட்டு, அதே பங்கில் நிரப்பிக் கொண்டுவாருங்கள் என்றேன். நான்காம் நாள் பில்லோடு வந்தார். 143 கிலோமீட்டர், 23 லிட்டர். சாவியை மேசையில் வைத்துவிட்டு, இதே வண்டி டீசலில் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், அதையும் முதலில் மூன்று நாள் மண்டிக்கு ஓட்டிப் பாருங்கள் என்றேன்.